‘வளர வளர சரியாகிவிடும்’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகையான துறுதுறுப்பு) மூன்றும் இருந்தன. கை, கால் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் தரும், டிஸ்பிராக்சியா என்றும் அழைக்கப்படும் டி.சி.டி. இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்லவில்லை. டாக்டர்களிலேயே பலருக்கு இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு இது அன்றாட அனுபவம்.

இந்தக் குழந்தைகள் நன்றாகப் பேசுவார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் டாண் டாண் என்று வரும். ஆனால் சட்டைப் பட்டன் போட அம்மா வேண்டும். சைக்கிள் வராது, பந்து கைக்கு வந்து நழுவும், நான்கு கோடு நோட்டில் எழுத்து கோட்டுக்குள் நிற்காது. 5 முதல் 11 வயதுக் குழந்தைகளில் 5–6 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 (2013) சொல்கிறது. நாற்பது பேர் வகுப்பென்றால் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரும் எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது படிக்கிறார்கள். அதற்குள் கண் டாக்டர், நரம்பு டாக்டர், ஸ்கேன் எல்லாம் முடிந்திருக்கும். ஃபைலில் எல்லாமே நார்மல். “ஒன்றுமில்லைம்மா, கொஞ்சம் சோம்பேறி, வளர வளர சரியாகிவிடும்” என்று ஒரு டானிக்கும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். டி.சி.டி.யில் ஸ்கேன் நார்மலாக வருவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பெருமூளை வாதமோ தசை நோயோ பார்வைக் கோளாறோ காரணம் இல்லை என்று தெரிந்த பிறகு சந்தேகிக்க வேண்டியதே இதைத்தான். நம் ஊரில் அந்த இடத்தில் ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

ஓ.பி.யில் கூட்டம் நெரிகிறது, ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, உண்மைதான். அந்த இரண்டு நிமிடத்தில் “எப்போது நடந்தான், எப்போது பேசினான்” என்பதோடு “தோசையை ஒரே கையால் பிய்த்துச் சாப்பிடுகிறானா?” என்றும் கேட்கலாமே. டி.எஸ்.எம். உதாரணத்துக்குக் கத்தரிக்கோலையும் முள்கரண்டியையும் சொல்கிறது. முள்கரண்டி நம் வீட்டில் ஏது? சில விரல்கள் ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க, மற்றவை இன்னொரு பக்கம் இழுக்க வேண்டிய இந்த வேலையில் திணறும் பிள்ளைகள் இரண்டு கையாலும் பிய்ப்பார்கள், இல்லாவிட்டால் அம்மா பிய்த்துப் போட்டிருப்பார். கேட்டால் ஒழிய அம்மாவும் இதைச் சொல்ல மாட்டார். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும், அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

பலருக்குப் பெரியவர்களான பிறகும் இந்தச் சிரமம் தொடர்கிறது. விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை ஓரமாக உட்கார்ந்து உடம்பு போடுகிறது, பதற்றமும் சேர்ந்துகொள்கிறது. எந்த வேலை வரவில்லையோ அதையே சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழக்கினால் நல்ல முன்னேற்றம் தெரியும். டானிக்கால் அது நடக்காது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளின் கீழ் டிஸ்பிராக்சியா பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் கீழ் பள்ளிக்கே வந்து பரிசோதிக்கும் குழுக்களின் நோய்கள், குறைபாடுகள் பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.யும் இருக்கின்றன, டி.சி.டி. தனியாக இல்லை. பட்டியலை மாற்ற டெல்லி போக வேண்டும், சரி. ஆனால் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் பட்டன், எழுத்து, பந்து, தோசை என்று நான்கு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கச் சொல்லி அந்தக் குழுக்களுக்கு மாநில சுகாதாரத் துறையே பயிற்சி கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் அனுப்புவதற்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்,
மதுரை.