மூலை சேராத தையல்: மீனாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மீனா,

உன் குயில்டில், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் அந்தப் போர்வையில், மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "முழுசாப் பிரிச்சிடட்டுமா அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கத்தரியை ஓரமாக வைத்துவிட்டு இன்ச் டேப்பை எடு. குயில்ட் தைக்கிற வேறு சிலருக்கும் இதே தலைவலி இருப்பதால், உன் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

உன் மேல்துணியில் எல்லா மூலையும் விலகவில்லை, கவனித்தாயா? முதல் இரண்டு வரிசையைச் சேர்த்த இடத்தில் முதல் மூலை விலகியிருக்கிறது. இரண்டாவது கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது மறுபடி விலகல், நான்காவது சரி. கடைசி வரை ஒன்றுவிட்டு ஒன்று இப்படியே போகிறது. துணி நழுவி வந்த கோணல் இவ்வளவு ஒழுங்காக வராது. இது அளவுக் கோளாறு. அதுவும் வரிசைகளைச் சேர்க்கும்போது வந்ததில்லை, நைன் பேட்ச் கட்டங்களை, அதாவது ஒன்பது சின்னச் சதுரம் சேர்ந்த கட்டங்களை, தைத்தபோதே வந்துவிட்டது.

கணக்கைப் பார். இரண்டரை இஞ்சுச் சதுரம் மூன்றை வரிசையாகத் தைத்தால், சேரும் ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் இஞ்சு போக, கட்டம் ஆறரை இஞ்சு வரவேண்டும். நீ ஒவ்வொரு ஓரத்திலும் அரை நூல், அதாவது 1/16 இஞ்சு, கூடுதலாக உள்ளே தள்ளித் தைத்திருந்தால் போதும். ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும், இரண்டு தையலுக்கு இரண்டு நூல். கட்டம் ஆறேகால் ஆகிவிடும். ஆனால் பக்கத்தில் ஒரே துணியில் வெட்டி வைத்த வெற்றுச் சதுரத்துக்குள் தையலே கிடையாது, அது வெட்டிய ஆறரையிலேயே நிற்கிறது. மேல் வரிசை நைன் பேட்சில் தொடங்குகிறது, கீழ் வரிசை வெற்றுச் சதுரத்தில். அதனால் முதல் மூலை கால் இஞ்சு தள்ளிப்போகிறது. இரண்டாவது மூலைக்கு வருவதற்குள் இரண்டு வரிசையிலும் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று கூடிச் சமமாகிவிடுகிறது.

முதலில் எல்லா நைன் பேட்சையும் அளந்துவிடு. எல்லாமே ஆறேகால்தான் என்றால் அவற்றைத் தொடவே தொடாதே. வெற்றுச் சதுரங்களை மட்டும் பிரித்து, ஆறேகாலுக்கு வெட்டிக்கொள். எட்டுக்கு எட்டு என்று வைத்த 64 கட்டத்தில் அவை 32தான். போர்வை 48 இஞ்சுக்குப் பதில் 46 வரும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நைன் பேட்ச் மட்டும் அளவு தப்பி நின்றால் அதைத் தனியாகப் பிரித்துத் தை. ஓரத்தை வெட்டிச் சரிக்கட்டப் பார்க்காதே, உள்ளே இருக்கும் சதுரங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாகிவிடும்.

பிரிக்கும்போது இரண்டு துணியையும் பிடித்து இழுக்காதே. பாட்டியின் சுங்குடி எத்தனையோ சலவை கண்டது, கிழிந்துவிடும். ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலை உருவினால் முழுசாக வரும்.

இந்த அரை நூல் எங்கே போனது என்று கேட்பாய். இரண்டு இடத்தில் போயிருக்கலாம். மிஷின் ஃபுட்டின், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின், ஓரத்தைக் கால் இஞ்சு என்று நம்பித் தைத்திருப்பாய், சாதாரண ஃபுட் பலதும் அப்படி இருப்பதில்லை. இன்னொன்று, தையலை ஒரு பக்கம் மடித்துத் தேய்க்கும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடும். அதனால் கால் இஞ்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் தைக்க வேண்டும். ஒன்றரை இஞ்சுப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்துத் தேய்த்துப் பார். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்சு இருந்தால் உன் தையல் சரி. இதைச் செய்யாமல் அடுத்த குயில்டுக்குத் துணி வெட்டாதே.

இஸ்திரியிலும் ஒரு வேலை இருக்கிறது. பழைய புடவைத்துணி தளர்ந்து போயிருக்கும், வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போட்டுவிட வேண்டும். பெட்டியை வேட்டி தேய்ப்பதுபோல் இழுக்காமல், வைத்து எடு, வைத்து எடு. தையல் மடிப்புகளை எல்லா வரிசையிலும் வெற்றுச் சதுரத்தின் பக்கமே சாய்த்துத் தேய். அப்படிச் செய்தால் மேல் வரிசை மடிப்பும் கீழ் வரிசை மடிப்பும் தானாக எதிரெதிர்ப் பக்கம் விழும், மூலையில் ஒன்றுக்கொன்று இடித்து நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். அங்கே இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, முதலில் மூலைகளை மட்டும் பெரிய தையலாக ஓட்டிப் பார். சேர்ந்திருந்தால் முழு வரிசையையும் தை. ஒரு துணி ஒரு நூல் நீளமாக இருந்தால் அதைக் கீழே போடு, அடியில் இருக்கும் மிஷின் பல் அதை இழுத்துச் சமன் செய்துவிடும். அதற்கு மேல் போனால் சுருக்கம்தான் விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் அரை நூல், ஒரு நூல் விலகினால் விட்டுவிடு. வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம் வரும் இடங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. கருஞ்சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் மூலைகளுக்கு மட்டும் மெனக்கெடு.

உன் சிநேகிதி அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட் குயில்டுகளைக் காட்டி, "கோணலும் அழகுதான்" என்றாளாம். அந்தக் கறுப்பினப் பெண்கள் நைந்துபோன வேலை உடுப்புகளில் தைத்தவை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கின. அவர்கள் கோட்டை நேராக்க முயன்று தவறவிட்டவர்கள் இல்லை. அந்தக் கோணல் அவர்கள் கண் பார்த்து வைத்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற போர்வையும் அப்படித்தான். ஓரத்தில் தொடங்கித் துண்டு துண்டாக வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வருவார்கள், அங்கே மூலை சேர்க்கிற பேச்சே இல்லை. உனக்கு அந்த வழி பிடித்திருந்தால் அடுத்ததை அப்படித் தை, நானும் கூட உட்காருகிறேன். நீ இப்போது தைப்பது கட்டம் போட்ட குயில்ட். அதில் கால் இஞ்சு விலகினால் விலகல்தான்.

இன்றைக்கு எதையும் பிரிக்காதே. ஒவ்வொரு நைன் பேட்சின் அகலத்தையும் உயரத்தையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. அதைப் பார்த்த பிறகு எத்தனை பிரிக்க வேண்டும் என்று சொல்கிறேன். அப்புறம், அந்தப் பச்சைப் புடவையின் பார்டரை வெட்டிவிடாதே, சுற்று ஓரத்துக்கு வேண்டும்.

அன்புடன்,
அத்தை