கஞ்சி அடுப்பை அணைக்க வராதீர்கள்

எமது பிரிவுப் பொலிஸ் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 அன்று சந்தியில் நாங்கள் மூட்டிய கஞ்சி அடுப்பு பாதியில் அணைந்த கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தடை உத்தரவைக் கொண்டுவந்தவர்களும், எங்கள் முகங்களைப் போனில் படம் பிடித்தவர்களும் உங்கள் ஆட்கள்தான். "அரிசிக்கு ஆர் காசு தந்தது?" என்று கேட்டார்கள். ஒருவரும் தரவில்லை, ஐயா. வீட்டுக்கு ஒரு பிடியாகச் சேர்த்த அரிசி அது.

அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் எங்களை உயிரோடு வைத்திருந்தது அந்தக் கஞ்சிதான். அதற்கு வரிசையில் நின்ற இடத்திலேயே ஷெல் விழுந்து செத்தவர்களும் உண்டு.

அன்று அகப்பையோடு நின்ற மாமியை உங்கள் ஆட்கள் கிட்டப் போய்ப் படம் எடுத்தார்கள். போர் முடிந்தபோது வட்டுவாகலில் தன் மகனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர் அவர். மகன் இன்னும் திரும்பவில்லை. செத்தவீடு என்றால் எட்டுச் செலவு இருக்கிறது, 31ஆம் நாள் அந்தியேட்டி இருக்கிறது, பிறகு வருசா வருசம் துவசம். அழுது, சமைத்துப் படைத்து, ஊரோடு இருந்து சாப்பிட்டு எழும்ப ஒரு வழி இருக்கிறது. மாமிக்கு அந்த வழி இல்லை. துவசத்துக்குப் போனால் ஐயர் திதி கேட்பார். திதி சொன்னால் மகன் செத்துவிட்டான் என்று பெற்றவளே சொன்னதாகிவிடும். அவர் ஏறி இறங்கிய அலுவலகம் ஒன்றும் இதுவரை பதில் சொல்லவில்லை.

கஞ்சிக்குத் திதி வேண்டாம். செத்தவர்களுக்கும் காணாமற்போனவர்களுக்கும் ஒரே கிடாரம். அதனால்தான் வருசத்தில் அந்த ஒரு நாள் மாமி வெளியே வந்து நாலு பேரோடு நின்று அழுகிறார்.

பழைய காயத்தைக் கிளறுகிறோம் என்றார் உங்கள் அதிகாரி ஒருவர். போரில் மனமுடைந்த எங்கள் சனத்துக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஊர் கூடிச் செய்யும் சடங்குகள் காயத்தை ஆற்றும் என்று எழுதியவர். ஆறவிடாமல் வைத்திருப்பது யார்?

அதே மே மாதத்தில்தான் பௌத்தர்களின் வெசாக்கும் வருகிறது. வீதியோரத் தன்சல்களில் போவோர் வருவோருக்கெல்லாம் சாப்பாடு கொடுக்கிறார்கள். நல்ல காரியம், எங்கள் பிள்ளைகளும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சீதுவை றத்தொலுவச் சந்தியில் ஒக்டோபர் 27இல் தெற்கின் சிங்களத் தாய்மார், 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பறிகொடுத்த பிள்ளைகளின் படங்களுக்கு முன்னால் கூடி அழுகிறார்கள். அவர்களைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. எங்கள் மாமியின் கண்ணீர் மட்டும் எந்தச் சட்டத்தில் குற்றமானது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த மே 18க்குத் தடை கேட்டு நீதிமன்றம் போகாதீர்கள். அடுப்பை அணைக்க ஆள் அனுப்பாதீர்கள். வாகனங்களுக்கு இடைஞ்சல் என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், உள்ளே தள்ளி வைக்கிறோம்.

இன்னொன்று. மாமியை எடுத்த படத்தை அழித்துவிட்டதாக யாராவது ஒருவர் அவரிடம் வந்து சொன்னால் பெரிய உதவி. அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவர் கதவைச் சாத்திவிடுகிறார்.

இப்படிக்கு,
அந்தக் கிடாரத்துக்கு ஒரு பிடி அரிசி போட்டவள்