மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு வாருங்கள்

ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

ஆங்கில ஆசிரியர்களுக்காக நீங்கள் அண்மையில் நடத்திய இரண்டு நாள் பணியிடைப் பயிற்சியில் கலந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. பயிற்சியின் நோக்கத்தையும் அட்டவணையையும் வகுத்தவர்கள் நீங்களே என்பதால் அவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. முதல் நாள் பிற்பகலில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட இரண்டு வாரங்கள் முயன்று பார்த்துவிட்டேன்.

“மாணவர் பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது” என்ற வரி அப்போது திரையில் இருந்தது. மாதிரிப் பாடம் நடத்த யாராவது முன்வருமாறு பயிற்சி அளிக்க வந்த கருத்தாளர் அழைத்தார். ஒருவரும் அசையாத அந்த மண்டபத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திவரும் என் சக ஆசிரியர் எழுந்து போய் ஒரு சிறுகதையைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் வாக்கியத்தில் ‘ஹீ கோஸ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஹீ கோ’ என்று வந்துவிட்டது. கருத்தாளர் கையை உயர்த்தி அங்கேயே நிறுத்தித் திருத்தினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியர் கதையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அமர்ந்தார். எஞ்சிய ஒன்றரை நாளும் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. திரையில் இருந்த வரியோ அப்படியே இருந்தது.

கருத்தாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கும் அந்த வரியை யாரோ இப்படியொரு மண்டபத்தில்தான் படித்துக் காட்டியிருப்பார்கள். நானும் அதே தவற்றை என் வகுப்பில் வாரந்தோறும் செய்கிறேன் என்பதே என்னை உறுத்துகிறது. பிழையைக் கண்டதும் சரியான வடிவத்தை நாமே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிரெஞ்சு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்ற பள்ளிக் குழந்தைகளின் வகுப்புகளைக் கவனித்து, மொழிக் கல்வி ஆய்வாளர்கள் ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட வழி இதுவே என்றும், குழந்தை தானே திருத்திச் சொல்ல மிகக் குறைவாக உதவிய வழியும் இதுவே என்றும் காட்டியது. “என்ன சொன்னாய், இன்னொரு முறை சொல்” என்று கேட்டுக் காத்திருந்தால் பல நேரங்களில் குழந்தை தானே திருத்திக்கொள்கிறது. அந்தக் காத்திருப்பும் எளிதன்று. கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு மேல் பொறுப்பதில்லை என்பதையும், அதை மூன்று நொடிகளாக நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்பதையும் 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். தாய்மொழியில் நடக்கும் பாடத்துக்கே அந்த இடைவெளி வேண்டுமென்றால், மனத்துக்குள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எவ்வளவு வேண்டும்?

இவை எங்களுக்குத் தெரியாதவை அல்ல. தேர்வில் கேட்டால் எழுதிவிடுவோம். ஆனால் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில், மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, நான் எத்தனை நொடி பொறுக்கிறேன் என்பதை என்னால் எண்ண முடியாது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இன்னொருவரால்தான் முடியும். விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் போதா, வகுப்பறையிலேயே தொடர்ந்து துணைநிற்கும் ஒருவர் இருந்தால்தான் பயிற்சி பழக்கமாக மாறும் என்று கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்சும் 1980களிலேயே வலியுறுத்தினார்கள். ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பயிற்சி முடிந்த பிறகு கருத்தாளர்கள் எங்கள் வகுப்பறைக்கு வர வேண்டும். மதிப்பெண் போட வேண்டாம், அறிக்கை அனுப்ப வேண்டாம். உட்கார்ந்து பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் என்னோடு பேசினால் போதும்.

வருகிறவர் தமிழ்க் குழந்தையின் பிழைகளை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். ‘போகிறான்’, ‘போகிறாள்’, ‘போகிறார்கள்’ என்று ஆளுக்கேற்ப வினையை மாற்றிப் பிழையின்றிப் பேசும் குழந்தை ‘ஹீ கோ’ என்று சொல்வது அறியாமையால் அன்று; ஆங்கிலம் நிகழ்காலத்தில் மற்ற ஆட்களுக்கெல்லாம் பெரும்பாலான வினைகளை மாற்றாமல் விட்டுவிட்டு அந்த ஓரிடத்தில் மட்டும் ஒலியொன்றைச் சேர்ப்பதால்தான். ‘இஸ்கூல்’ என்பதும் அப்படியே: தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ஏ’, ‘தி’ போன்ற சிறு சொற்கள் விடுபடுவதற்குக் காரணம், அவற்றுக்கு முழுதும் ஈடானவை தமிழில் இல்லாமையே. எந்த மொழிக் குழந்தைக்கும் பொருந்துமாறு எழுதப்பட்ட கையேட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கையேட்டின் அட்டை மட்டும் மிக அழகாக இருந்தது. பயிற்சியின் இறுதியில் நிரப்பச் சொன்ன கருத்துப் படிவத்தில் ‘நன்று’, ‘மிக நன்று’, ‘மிகச் சிறப்பு’ என்ற மூன்று வாய்ப்புகளைத் தந்து எங்களுக்குப் பேருதவி செய்திருந்தீர்கள். யோசிக்க வேண்டிய சிரமமே இல்லை. வருகைப் பதிவில் இரண்டு நாளும் நான்கு முறை கையெழுத்திட்டதையும், குழுப் படம் சரியாக வரவில்லை என்று மூன்று முறை நிற்க வைக்கப்பட்டதையும், பிள்ளைகளோடு பேச வேண்டிய நேரத்தைப் பதிவேடுகளும் இணையப் பதிவேற்றங்களும் தின்றுவிடுவதையும்…

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவரை அனுப்ப ஆட்கள் போதாது என்பீர்கள், உண்மைதான். அப்படியானால் ஒரே பள்ளியிலோ அருகருகே உள்ள பள்ளிகளிலோ பணிபுரியும் இரண்டு ஆசிரியர்கள் வாரம் ஒரு பாடவேளை ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்வதற்கு அனுமதி கொடுங்கள். அதைப் பணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தனியே ஆங்கிலம் பேசிப் பழக, யாரும் சிரிக்காத ஒரு சிறு குழுவையும் ஆசிரியர்களுக்கு ஏற்படுத்திக் கொடுங்கள். எப்படி ஏற்பாடு செய்தாலும், பயிற்சி மண்டபத்தோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்கு வர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அடுத்த பயிற்சிக்கான சுற்றறிக்கையிலேயே இதற்கு ஒரு வரி சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பயிற்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து அதே ஆசிரியரின் பெயரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். வேறு யாரையாவது அனுப்பும்படி அவர் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை