சீனர்கள் வாய் திறக்காதவர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு தலையங்கத்தில், 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டம் டாங்கிகளால் நசுக்கப்பட்ட பிறகு சீனர்கள் வாயே திறந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். நூற்று நாற்பது கோடிப் பேரின் கதையை ஒரே வரியில் முடித்துவிட்ட உங்கள் சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

நான் ஆம்பூர்க்காரன். தென் சீனாவின் டோங்குவான் நகரில் ஷூ தரப் பரிசோதகனாக வேலை பார்த்தவன். 2008 கடைசியில் ஆர்டர்கள் படுத்துவிட்டபோது, நாங்கள் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த ஆலையின் முதலாளி இரவோடு இரவாகக் கம்பி நீட்டிவிட்டார். மறுநாள் தொழிலாளர்கள் கேட்டுக்கு முன்னால் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண் ஒருவர் கையில், அந்த ஆண்டுதான் அமலுக்கு வந்திருந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் நகல். சம்பளம் பற்றிய வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். போலீஸ்காரரிடம் அதை நீட்டிப் படிக்கச் சொன்னார். அழவில்லை, யார் காலிலும் விழவில்லை. கடைசியில் உள்ளூர் நிர்வாகமே பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்தது.

உங்களுக்குத் தெரியாததா? 2005இல் மட்டும் பொது ஒழுங்கைக் குலைத்த சம்பவங்கள் 87,000 என்று சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. அப்புறம் அப்படிக் கணக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டது. போராட்டங்களைத் தானாகவே கணக்கெடுத்து இணையத்தில் வெளியிட்டு வந்த லூ யூயூ என்பவருக்கு 4 ஆண்டு சிறை. 2007இல் சியாமென் என்ற கடலோர நகரத்து மக்கள் குறுஞ்செய்தியிலேயே ஆள் சேர்த்து ரசாயன ஆலைக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். கேட்டால், சும்மா உலாவ வந்தோம் என்றார்கள். ஆலை வேறு ஊருக்குப் போனது.

2011இல் நிலத்தைப் பறிகொடுத்த வுகான் கிராமத்தைப் பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன். குவாங்டாங்கின் அந்த மீனவ கிராமத்தை உங்கள் உதவி ஆசிரியர் கொரோனா வுஹானாகத் 'திருத்தி' அச்சிட்டார். மறுப்பு அனுப்பினேன், பதில் இல்லை. சரி, போகட்டும். அந்தக் கிராமத்தார் உள்ளூர் அதிகாரிகளை விரட்டிவிட்டு, பெய்ஜிங் வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தார்கள். கீழே இருப்பவன்தான் கெட்டவன், மேலே இருப்பவர் நல்லவர் என்ற பழைய நம்பிக்கை. அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரே 2016இல் சிறைக்குப் போனார். 2022 நவம்பரில், கொரோனா கட்டுப்பாட்டில் முடங்கியிருந்த உரும்சி நகரின் அடுக்குமாடித் தீயில் 10 பேர் இறந்தபோது, ஷாங்காயில், பேசத் தடை என்பதைக் காட்ட வெற்றுத் தாளோடு நின்ற இளைஞர்கள் ஷி ஜின்பிங்கையே பதவி விலகச் சொல்லிக் கத்தினார்கள். கோபம் கிராம அலுவலகத்திலிருந்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். இதை எழுத உங்கள் தலையங்கத்தில் இடமில்லை. 'டிராகன்' என்று தலைப்பு வைக்க மட்டும் தவறாமல் இடம் கிடைக்கிறது.

நான் சீன அரசுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அடி வாங்கியும் கேள்வி கேட்டவர்களை நீங்கள் ஊமைகளாக்கியதுதான் உறுத்துகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். சீனா என்றாலே போடுகிற அந்த டாங்கி படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடியில் 1989 என்றாவது போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால், வுகானை வுகானாகவே விட்டுவிடவும்.

இப்படிக்கு,
ஆம்பூர் வாசகர்