பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்குத் தமிழில் ஓர் அறிவுறுத்தல் தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனது இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியை விடச் சற்று மெல்லிய ஒரு பொருள் ஏழு வருடங்களாக இருக்கின்றது. சட்டைக்கு மேலாகத் தடவினாலும் அதன் விளிம்பு விரலில் தட்டுப்படும். இதயத் துடிப்பு பிந்தும்போது அதைத் தூண்டிவிடும் இந்தக் கருவியை வைத்தியர்கள் பேஸ்மேக்கர் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் 'நெஞ்சு மெசின்' என்றால்தான் விளங்கும். மாஸ்டரைத் தொட்டால் கரன்ட் அடிக்கும் என்று பாடசாலைப் பிள்ளைகள் தமக்குள் பந்தயம் கட்டி, ஒருவன் ஓடி வந்து என் முழங்கையைத் தொட்டுவிட்டு ஓடிய நாளும் உண்டு. தொட்டுப் பார்த்ததும் பிள்ளைகளின் பயம் போய்விட்டது. பெரியவர்களின் பயம் அவ்வளவு லேசில் போகாததால்தான் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரி, சென்ற வருடம் மலையில் இரண்டு தடவை மயங்கி விழுந்து, தோட்டத்து மருந்துச்சாலையிலிருந்து தொலைவிலுள்ள ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே மெசின் பொருத்தப்பட்டு ஒரு சதமும் செலவில்லாமல் உயிரோடு வீடு திரும்பினார். அதற்காக அந்த வைத்தியசாலைக்கு அவரும் நாங்களும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லப்பட்டவை யாவும் சிங்களத்தில் சொல்லப்பட்டன. கையில் கொடுக்கப்பட்ட அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. தாதி நல்ல மனதோடு தன் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, 'எப்பா' (வேண்டாம்) என்றாராம். அந்த ஒரு சொல் விளங்கியது. எத்தனை நாளைக்கு என்பது விளங்கவில்லை.

இதயத்துக்குள் இறக்கப்பட்ட வயர் உரிய இடத்தில் ஊன்றும் வரை, ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு, அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதையும் பாரம் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்தக் காலத்திலும்கூடத் தோளுக்குக் கீழே கையை இயல்பாக அசைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இந்தச் சகோதரியோ எட்டு மாதங்கள் தன் கையைச் சேலைத் தலைப்பில் தூளிபோலக் கட்டி வைத்திருந்தார். நான் பார்க்கப் போனபோது தோள்மூட்டு இறுகிப்போய், பின்னலைக்கூட மகள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. தண்ணீர் பட்டால் மெசின் எரிந்துவிடும் என்று யாரோ சொன்னதால் பீலிக்குப் போவதையும் விட்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குளிச்சா கரன்ட் அடிக்காதா மாஸ்டர்?" என்று அவர் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. முதல் மாதத்தில் இதே கேள்வியை நானும் மனதுக்குள் வைத்துக்கொண்டு, கேட்க வெட்கப்பட்டவன்தான்.

மெசின் முற்றாக மூடப்பட்ட உலோகக் கூடு, காயம் ஆறிய பின்னர் தண்ணீரால் அதற்கு ஒன்றும் நேராது என்பதை அவருக்கு விளக்கினேன். இதயத்தின் வலது மேலறையில் இயற்கையே வைத்த ஒரு முடுக்கி உண்டு; அங்கே பிறக்கும் மின்துடிப்பு கீழறைகளுக்கு இறங்கும் வழியில் தடைப்படும்போது நாடி தளர்ந்து மயக்கம் வருகிறது. எனக்கு அது நிமிடத்துக்கு 34க்கு இறங்கியிருந்தது. மெசின் ஒவ்வொரு துடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்து, துடிப்பு பிந்தும்போது மட்டும் ஒரு சிறு தூண்டலைக் கொடுக்கிறது. இவ்வளவு அமைதியாக வேலை வாங்கும் கங்காணியை என் ஆயுளில் நான் கண்டதில்லை.

சுவீடனைச் சேர்ந்த அர்னே லார்சன் என்பவரைப் பற்றியும் அவரிடம் கூறினேன். உலகில் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் அவரே. 1958 ஒக்டோபர் 8 ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் அவருக்குப் பொருத்தப்பட்ட முதலாவது மெசின் சில மணித்தியாலங்களில் நின்றுவிட்டது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் 26 மெசின்களோடு வாழ்ந்து, அதை வடிவமைத்த பொறியியலாளருக்கும் பொருத்திய சத்திரசிகிச்சை நிபுணருக்கும் பின்னரும் உயிரோடிருந்து, 2001 இல் தமது 86 ஆவது வயதில் அவர் காலமானார். இன்றைய பெட்டரி பல வருடங்கள் உழைக்கிறது; அது குறைந்து வருவது கிளினிக் பரிசோதனையில் முன்கூட்டியே தெரியும். அதற்காகவே அந்தத் திகதிகளைத் தவறவிடக் கூடாது. பஸ் செலவையும் ஒரு நாள் பேரையும் (நாட்சம்பளத்தையும்) இழந்து போக வேண்டியிருப்பது உண்மைதான், ஆயினும் போகத்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை நாம் நினைப்பதை விடக் குறைவு. கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைக்காமல் மறுபக்கக் காதில் பிடித்துப் பேச வேண்டும். இன்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. தேர்த் திருவிழாவில் தப்பு மேளச் சத்தத்துக்கு அஞ்சத் தேவையில்லை. பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு நிற்பதுதான் கூடாது. தேயிலைத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்பவர் வைத்தியரைக் கேட்காமல் அந்த வேலைக்குத் திரும்பக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், விமான நிலையச் சோதனையிலும், முதலில் அட்டையைக் காட்ட வேண்டும். மின்விசிறி, டீவி, ஸ்திரிப்பெட்டி எதுவும் நம்மை ஒன்றும் செய்யாது.

அந்தச் சகோதரி நான்கு மாதங்கள் பிசியோதெரபி செய்து, வைத்தியரின் அனுமதியோடு மீண்டும் மலைக்குப் போகிறார். கூடைக் கயிறு தலையில் விழுவதால் மெசின் இருக்குமிடத்தில் அழுத்தம் இல்லை. ஆனாலும் அந்த எட்டு மாதப் பேரும், அதனால் அடகுக்குப் போன தோடும், அவருடைய நோயால் வந்த நட்டமல்ல என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

1987 இல் நிறைவேறிய, இலங்கை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகும். தமிழ் பேசும் ஊழியர்களை ஒரே நாளில் எல்லா வாட்டுகளுக்கும் நியமிக்க முடியாது என்பதை நான் அறிவேன். ஒரு பக்கத் தாளை அச்சிடுவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. பேஸ்மேக்கர் பொருத்தப்படும் ஒவ்வொருவருக்கும், வீடு செல்லும்போது, தமிழில் அல்லது அவர் வாசிக்கும் மொழியில் அத்தகைய தாள் ஒன்று வழங்கப்பட வேண்டும் என்று சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

நானே தயாரித்த மாதிரியொன்றை இத்துடன் இணைத்துள்ளேன். இதய வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டிப் பிழை திருத்திய பின்னர் தாங்கள் அதைப் பிரசுரிக்கலாம். அதில் 'ஆறு வாரம்' என்ற இரண்டு சொற்களை மட்டும் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பொகவந்தலாவை.