செயலாளர் ஆண்டறிக்கை: எட்டுப் பள்ளிகள் தொடங்கிய லீக்

மதிப்பிற்குரிய தலைவர், பங்குத்தந்தை, சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தவக்கால வழிபாடு, கோடை விருந்து எல்லாம் இந்த ஆண்டும் நல்லபடியாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். குளிர்காலத்தில் நாம் நடத்திய நான்கு வரலாற்று மாலைக் கூட்டங்களைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைகளில் பலர் சிகாகோ கத்தோலிக்க லீக்கில், அதாவது கத்தோலிக்கப் பள்ளிகள் தங்களுக்குள் போட்டி நடத்தும் அமைப்பில், ஆடுகிறார்கள். பனியில் காரோட்டிக்கொண்டுபோய் விடுகிறோம், கத்திக் கத்தித் தொண்டை கட்டுகிறது. அந்த லீக்கை யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்று போன பொதுக்குழுவில் ஒரு தாய் கேட்டபோது, பதில் சொல்ல யாரும் எழவில்லை. அதிலிருந்து வந்ததுதான் இந்த முயற்சி.

லீக் 1912இல் பிறந்தது. செயின்ட் இக்னேஷியஸ், லயோலா அகாடமி, டி லா சால், டிபால் அகாடமி, செயின்ட் சிரில், செயின்ட் ஸ்தானிஸ்லாஸ், செயின்ட் ஃபிலிப், கதீட்ரல் என எட்டுப் பள்ளிகள். எட்டுமே ஆண்கள் பள்ளிகள். முதலிரண்டும் இயேசு சபையுடையவை. திருச்சியில் படித்த நம்மவர்களுக்கு அந்தச் சபையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செயின்ட் சிரில் கார்மல் சபையுடையது, 1924இல் மவுண்ட் கார்மல் என்று பெயர் மாறியது. ஸ்தானிஸ்லாஸ் போலந்துக் குடும்பங்களின் பள்ளி. இன்று எட்டில் பாதிப் பள்ளிகள் இல்லை. டிபால் அகாடமி 1968இல் மூடப்பட்டது.

ஏன் தனி லீக்? நகரத்துப் பொதுப்பள்ளிகளின், அதாவது அரசுப் பள்ளிகளின், லீக் அவர்களுக்கு மட்டுமானது. பின்னர் 1917இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் அலான்சோ ஸ்டாக் தொடங்கிய புகழ்பெற்ற தேசியக் கூடைப்பந்துப் போட்டியிலும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இடமில்லை. சரி, நாமே நடத்துவோம் என்று இறங்கினார்கள். 1924இல் லயோலா பல்கலைக்கழகம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கென்றே ஒரு தேசியப் போட்டியைத் தொடங்கியது. 1941 வரை நாடெங்குமிருந்து அணிகள் வந்தன. இதைக் கேட்டபோது அரங்கில் இருந்த பெரியவர்கள் பலர் தாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்று கூட்டம் முடிய இரவு பத்தாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது உள்ளரங்க பேஸ்பால் கதை. தொடக்க காலத்தில் கூடைப்பந்தோடு அதையும் லீக்கில் ஆடினார்கள். 1887இல் சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடியதில் பிறந்த ஆட்டம் அது. இன்றைய சாஃப்ட்பாலின் தாய். அந்நாளில் கூடைப்பந்து அணிகளையும் எடை பார்த்து இலகு, கனம் என்று பிரித்திருக்கிறார்கள். ஒல்லிப் பையனுக்கும் ஜெர்சி கிடைத்தது. அந்த ஏற்பாடு இன்றும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்புறம் கால்பந்து, அதாவது அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து. 1927இல் மவுண்ட் கார்மல், பொதுப்பள்ளியான ஷுர்ஸை எதிர்த்து சோல்ஜர் ஃபீல்டில் ஆடியது. பிறகு மேயர் எட்வர்ட் கெல்லியின் கிறிஸ்துமஸ் நிதிக்காக, இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதும் நகர இறுதி ஆட்டம் ஆண்டுதோறும் நடந்தது. 1937 நவம்பரில் பொதுப்பள்ளியான ஆஸ்டினும் நம் லீக்கின் லியோவும் மோதியபோது ஏறக்குறைய 1,20,000 பேர் திரண்டார்கள். லியோ 79ஆம் தெருவில் 1926இல்தான் தொடங்கிய பள்ளி. ஆஸ்டினின் பில் டிகாரவான்ட் அன்று நாடறிந்த நட்சத்திரம். லியோ 26-0 என்று தோற்றது. ஆனால் பதினோரு வயதுப் பள்ளி ஒன்று அத்தனை கண்கள் பார்க்க அந்த மைதானத்தில் இறங்கி நின்றதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. மாநில அளவிலான பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் இந்தப் பள்ளிகள் சேர்ந்தது 1974இல்தான்.

குறை ஒன்று உண்டு. நான்கு மாலைகளிலும் நம் பெண்பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தவறு என்னுடையது, வரும் ஆண்டில் முதல் மாலை அவர்களுக்கே.

நம் பிள்ளைகளின் அணிப் புகைப்படங்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம். தருபவர்கள் பின்புறம் ஆண்டையும், படத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதித் தாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பெயரும் வேண்டும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்