காலை ஒன்பது மணிக் கூட்டம்

அன்புள்ள மீனா,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்ட வேண்டியதைச் சேர்த்து வைத்திருப்பாய், பதிலில் கொட்டிக்கொள். அண்ணனுக்கு முதுகுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மூட்டுகளைப் படுத்துகிற இந்த முடக்குவாதம் பற்றிய ஓர் ஆராய்ச்சிக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆளாக இல்லை, கேள்வித்தாள் தயாரிக்கிற பக்கத்தில், ‘நோயாளிப் பிரதிநிதி’யாக! சிரிக்காதே. கணக்கு டீச்சர் என்னை லீடராக்கிய கதை மாதிரி ஆகிவிடாது.

போன வாரம் முதல் கூட்டம். எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, அழுத்தினால் எங்கே வலிக்கிறது, பொத்தான் போட முடிகிறதா என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். தூங்கி எழுந்தாலும் விடாத அந்தச் சோர்வைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி இல்லை. எனக்கு வலியைவிட அதுதானே பெரிய பாடு! சொன்னேன். “அதை அளப்பது கஷ்டம் அம்மா” என்றார் தலைவர். அப்புறம் டீ வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு தேடிப் படித்தேன். வாதநோய் ஆய்வுகளில் எதை அளப்பது என்று முடிவு செய்யும் ‘ஓமராக்ட்’ மாநாட்டுக்கு 2002இல்தான் நோயாளிகளையும் அழைத்தார்களாம். அவர்கள் போய்ச் சொன்னதும் இதே சோர்வைத்தான். சில ஆண்டுகளிலேயே முடக்குவாத ஆய்வுகளில் அதையும் அளக்கச் சொல்லிப் பரிந்துரை வந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு அச்செடுத்துக்கொண்டு போகிறேன், பார்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. தங்கள் மருத்துவத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று 1978இலேயே உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா-ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 1969இல், ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி வைத்து ஓர் ஏணி வரைந்தார். பொறுக்கி எடுத்த ஓரிரண்டு பேரைக் குழுவில் உட்காரவைத்துச் சமாதானப்படுத்துவது அதில் கீழிருந்து ஐந்தாம் படி. படித்ததும் என் நாற்காலி ஞாபகம் வந்தது.

கூட்டம் காலை ஒன்பது மணிக்கு, மீனா. முடக்குவாதக்காரர்களின் கூட்டம், காலை ஒன்பது மணிக்கு! விரல் மடங்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். மாத்திரை போட்டுக்கொண்டு எப்படியோ போய்விட்டேன். நோய் முற்றியவர்கள் எப்படி வருவார்கள்? படித்தவள், நடக்கிறவள், வாயாடி என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கிறவர்களுக்காக நான் பேசுவது சரிதானா என்று இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

அதனால் ஓர் உதவி. அப்படிப் படுக்கையில் கிடக்கிற நம் சுந்தரி அக்காவிடம், இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் தன்னிடம் கேட்காத கேள்வி எது என்று விசாரித்து எழுது. அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுது, நீ திருத்தாதே. வருகிற வியாழனுக்குள் வேண்டும். காலையில் போய் எழுப்பாதே, மதியத்துக்கு மேல் போ.

உன்
வசந்தி